வீட்டிலிருந்தே படிக்கும் பிள்ளை: என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாளையங்கோட்டையில் அரசு உதவிபெறும் பள்ளி ஒன்றில் 31 ஆண்டுகள் கணக்கு டீச்சராக இருந்தேன். ஓய்வுபெற்ற பிறகு வீரவநல்லூரில் மகள் வீட்டில் இருக்கிறேன். என் பேரனுக்கு ஏழு வயதில் இடுப்பு எலும்பில் ஒரு கோளாறு வந்தது. அந்தக் காலைத் தரையில் ஊன்றவே கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். இரண்டு ஆண்டுக்குமேல் அவன் வீட்டிலேயே படித்தான். அதைக் கேள்விப்பட்டுச் சேரன்மகாதேவி, முக்கூடல், கல்லிடைக்குறிச்சி என்று பல ஊர்களிலிருந்து பெற்றோர் வந்து கேட்கிறார்கள். உடம்புக்கு முடியாத பிள்ளை, பள்ளிக்கூடம் என்றாலே அழுகிற பிள்ளை, வெளியூரிலிருந்து நடு ஆண்டில் வந்திறங்கிய பிள்ளை என்று ஒவ்வொருவருக்கும் ஒரு காரணம் இருக்கிறது. கேள்விகள் மட்டும் ஏறக்குறைய ஒன்றுதான். வாய் வலிக்கிறது, எழுதியே வைத்துவிட்டேன்.

டீச்சர், நானே எட்டாம் வகுப்புதான் படித்திருக்கிறேன். நான் எப்படிச் சொல்லிக்கொடுப்பேன்?

சொல்லிக்கொடுக்க வேண்டாம், கேட்டுக்கொண்டால் போதும். சமாதானத்துக்குச் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். நான் பார்த்ததைச் சொல்கிறேன்.

முக்கூடல் பக்கம் ஒரு வீடு. அம்மா பீடி சுற்றுகிறவர், ஐந்தாம் வகுப்போடு நின்றவர். மகளுக்கு மூட்டுக் காய்ச்சல் வந்து ஓராண்டு வீட்டில் இருந்தாள். நான் போனபோது அம்மா சுவரில் சாய்ந்து, மடியில் சுளகை வைத்துக்கொண்டு இலையைச் சுருட்டிக்கொண்டிருந்தார். மகள் கொஞ்சம் தள்ளி, வாசல் வெளிச்சத்தில் அறிவியல் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தாள். ஒரு பத்தி படிப்பாள், புத்தகத்தை மூடுவாள், படித்ததைத் தன் வாயால் அம்மாவுக்குச் சொல்வாள். அம்மா கையைப் பார்த்தபடியே கேட்பார். அன்றைக்குப் பாடம் ஒளிச்சேர்க்கை. இலை வெயிலை வைத்துத் தனக்குச் சாப்பாடு ஆக்கிக்கொள்கிறது என்று மகள் சொன்னாள்.

"அப்படியென்றால் இந்தப் பீடி இலையும் ஆக்குமா?" என்று அம்மா கேட்டார்.

மகள் யோசித்தாள். "மரத்தில் இருந்தபோது ஆக்கியிருக்கும். இப்போது காய்ந்துவிட்டது, பச்சை போய்விட்டது, தண்ணீரும் ஏறாது. இனி ஆக்காது."

"சரி. இது எந்த ஊர் மரம்?"

அவளுக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரியும் என்று வாய் துறுதுறுத்தது, அடக்கிக்கொண்டேன். அடுத்த வாரம் போனபோது இந்திய வரைபடத்தில் மத்தியப் பிரதேசத்தையும் ஒடிசாவையும் வண்ணம் தீட்டி வைத்திருந்தாள். இலைக்கட்டு கொண்டுவருகிறவரிடம் கேட்டாளாம். பி.எட். முடித்த எத்தனையோ பேருக்கு இப்படி ஒரு கேள்வி வாயில் வராது. அந்த அம்மாவுக்கு உண்மையிலேயே பதில் தெரியாது, அதனால்தான் வந்தது. நமக்குத் தெரிந்ததைக் கேட்டால் அது பரீட்சை ஆகிவிடுகிறது. தெரியாததைக் கேட்டால் பிள்ளைக்கு நாம் ஒரு ஆளாகத் தெரிகிறோம்.

கணக்கும் அதே சுளகில்தான் நடந்தது. கட்டுக்கு 25 பீடி. ஆயிரத்துக்கு எத்தனை கட்டு? 38 கட்டு முடிந்துவிட்டது, இன்னும் எத்தனை பீடி? பெருக்கலும் கழித்தலும் அங்கே வாய்ப்பாடாக இல்லை, சாயங்காலத்துக்குள் முடியுமா என்கிற கவலையாக இருந்தன.

இங்கேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அந்த அம்மா மகளைப் புகையிலைத் தூளுக்குப் பக்கத்தில் உட்காரவைக்கவில்லை, ஒரு இலை வெட்டக்கூடச் சொல்லவில்லை. படிக்க வைக்கிறேன் என்று வீட்டில் நிறுத்திவிட்டு, பிள்ளையை வேலைக்கு உட்காரவைக்கிறவர்கள் என்னிடம் வரவேண்டாம்.

ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம்?

ஐந்தாம் வகுப்பு வரை இரண்டு மணி நேரம், அதற்குமேல் மூன்று. பள்ளியில் எட்டுப் பாடவேளை இருக்கிறதே என்பீர்கள். வருகைப் பதிவு, அடுத்த டீச்சர் வரும்வரை காத்திருப்பது, நாற்பது நோட்டு திருத்துவது எல்லாம் போக ஒரு பிள்ளைக்கு எவ்வளவு கிடைக்கிறது என்பது உள்ளே இருந்தவளுக்குத் தெரியும். வீட்டில் ஒரே பிள்ளை. இரண்டு மணி நேரத்தை உருப்படியாகச் செலவழித்தால் தாராளம்.

நேரம் மட்டும் மாறக்கூடாது. எங்கள் வீட்டில் கடிகாரத்தைவிடச் செங்கோட்டைப் பக்கம் போகிற காலை ரயில்தான் மணி. சத்தம் கேட்டால் பலகையை எடுத்துவிடுவான். ரயில் தாமதமாக வந்தால் அவனுக்கு லாபம். ஆனித் தேரோட்டத்துக்கும் ஆடி அமாவாசைக்கும் விடுமுறை உண்டு. சொந்தக்காரர் வந்தால் விடுமுறை கிடையாது. அவர்களும் உட்கார்ந்து கேட்கட்டும்.

உட்காரவே மாட்டேன் என்கிறான். இரண்டு போட்டால்தான் வழிக்கு வருகிறான்.

வழிக்கு வரவில்லை, உங்கள் கைக்கு எட்டாத இடத்துக்குப் போயிருக்கிறான்.

என் கதையையே சொல்கிறேன். முதல் நான்கு மாதம் பேரனுக்கு நான் வகுப்பு எடுத்தேன். கட்டிலுக்கு எதிரே கரும்பலகை, கையில் சுண்ணக்கட்டி. ஏழாம் வாய்ப்பாடு அவனுக்கு வரவில்லை. ஒரு நாள் காலையில் அதையே பன்னிரண்டு முறை சொல்ல வைத்தேன். பதின்மூன்றாவது முறைக்கு அவன் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துவிட்டான். எழுந்து ஓட முடியாத பிள்ளை. அவனால் முடிந்தது அவ்வளவுதான். மூன்று நாள் என்னோடு பேசவில்லை. 31 ஆண்டு அனுபவம் என்று நான் சொல்லிக்கொண்டது நாற்பது பிள்ளைகளை ஒரே நேரத்தில் அடக்கி வைக்கும் அனுபவம்தான் என்பது அப்போதுதான் புரிந்தது. வீட்டில் அதற்கு வேலையே இல்லை.

கரும்பலகையை எடுத்து மாடிக்கு அனுப்பினேன். ஏழாம் வாய்ப்பாடு பிறகு வந்தது, எப்படி என்று கேட்டால் எனக்கே சரியாகத் தெரியாது. நாள்காட்டியில் வாரக்கணக்கு பார்த்துக்கொண்டிருந்தான், அதில் வந்திருக்கலாம். மருத்துவரிடம் போக இன்னும் ஆறு வாரம் என்றால் எத்தனை நாள் என்று அவனுக்குத் தெரிந்தாக வேண்டியிருந்தது.

கணக்கைப் புத்தகத்தில் இருக்கிறபடி சொல்லிக்கொடுத்தால் போதாதா?

போதும். ஆனால் புத்தகம் எழுதியவருக்கு உங்கள் வீட்டில் என்ன இருக்கிறது என்று தெரியாது. உங்களுக்குத் தெரியும்.

எங்கள் பக்கத்துச் செய்தித்தாளில் தினமும் அணைகளின் நீர்மட்டம் போடுவார்கள். பாபநாசம் அணையின் உச்ச நீர்மட்டம் 143 அடி, சேர்வலாறு 156, மணிமுத்தாறு 118. ஐப்பசி பிறந்ததும் பேரன் ஒரு கட்டம் போட்ட தாளில் தினமும் புள்ளி வைத்துக் கோடு இழுக்க ஆரம்பித்தான். பாபநாசத்துக்கு நீலம், மணிமுத்தாறுக்குச் சிவப்பு. கோட்டு வரைபடம் என்கிற பாடம் அவன் வகுப்புக்கு இன்னும் வரவில்லை. அதைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை. மழை பெய்த மறுநாள் தாளுக்காக வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பான். நீலக் கோடு விறுவிறுவென்று ஏறும், சிவப்பு மெதுவாகத்தான் ஏறும். ஏன் என்று அவன் அப்பாவிடம் கேட்டு, தாத்தாவிடம் கேட்டு, கடைசியில் பால்காரரிடமும் கேட்டான்.

ஒரு நாள் கேட்டான்: "ஆச்சி, பாபநாசத்தில் 71 அடி என்றால் பாதி அணை நிறைந்திருக்கிறதா?"

ஆமாம் என்று சொல்லியிருப்பேன். கணக்கு டீச்சருக்கு 143-இல் பாதி 71-தானே. ஆனால் அவன் முகத்தில் சந்தேகம் இருந்தது. சமையலறையிலிருந்து பெரிய இருப்புச்சட்டியைக் கொண்டுவந்து கட்டில் பக்கத்தில் ஸ்டூலில் வைத்தோம். அளவுகோலை நடுவில் நிறுத்தி, டம்ளர் டம்ளராகத் தண்ணீர் ஊற்றினான். பாதி உயரத்துக்கு மூன்று டம்ளர்தான் பிடித்தது. மீதிப் பாதி நிறைய இன்னும் ஏழு டம்ளர் வேண்டியிருந்தது. அடியில் ஒடுங்கி, மேலே போகப் போக அகலும் பாத்திரத்தில் பாதி உயரம் என்பது பாதித் தண்ணீர் இல்லை. மலைப் பள்ளத்தாக்கில் கட்டிய அணையும் அப்படித்தான். கன அளவு என்கிற பாடத்தை எத்தனையோ ஆண்டுகள் நடத்தியிருக்கிறேன். அதை அணையோடு சேர்த்து ஒரு நாளும் நினைத்துப் பார்த்ததில்லை. படுக்கை விரிப்பு நனைந்ததற்கு மகளிடம் திட்டு வாங்கியது தனி.

உங்கள் வீட்டில் அணை வேண்டாம் என்றால் வாழைத்தார் இருக்கும். மேல் சீப்பில் காய் அதிகம், கீழே வரவரக் குறையும். ஒவ்வொரு சீப்பாக எண்ணிக் கூட்டி, சீப்புகளின் எண்ணிக்கையால் வகுக்கச் சொல்லுங்கள். சராசரி என்ற சொல்லைக் கடைசியில் சொன்னால் போதும்.

தமிழிலேயே நிறையப் பிழை விடுகிறான். மழையை "மளை" என்று எழுதுகிறான்.

காதில் விழுந்ததை எழுதுகிறான், பாவம். நம் பக்கத்தில் பேச்சில் ழகரம் எங்கே இருக்கிறது? வாழைப்பழம் நமக்கு "வாளப்பளம்"தான். அம்மா "மளை வருகிறது" என்று சொல்லிவிட்டு, நோட்டில் சிவப்பு மையால் சுழித்தால் பிள்ளை யாரை நம்பும்?

இதைக் காதால் சரிசெய்ய முடியாது, கண்ணால்தான் முடியும். சொல்வதை எழுதச் சொல்வதைச் சில மாதம் நிறுத்துங்கள். பார்த்து எழுதட்டும், பிறகு பார்த்ததை மறைத்துவைத்து நினைவிலிருந்து எழுதட்டும். பேருந்தில் போகும்போது கடைப் பலகையில் ழ எங்கே இருக்கிறது என்று தேடச் சொல்லுங்கள். பழக்கடை, கிழக்குத் தெரு, மகிழ்ச்சி மகால் என்று அம்பாசமுத்திரம் போய்ச் சேர்வதற்குள் பத்துத் தேறும். ல, ள குழப்பத்துக்கும் இதே வைத்தியம். ர, ற இன்னும் நாளாகும், விட்டுப் பிடியுங்கள்.

பேச்சுத் தமிழைத் திருத்தாதீர்கள். ஆச்சியிடம் பேசுகிற தமிழ் வேறு, நோட்டில் எழுதுகிற தமிழ் வேறு என்பது மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு நன்றாகவே விளங்கும். நமக்குத்தான் அதில் வெட்கம்.

இரண்டு பிள்ளைகள், வேறு வேறு வகுப்பு. யாருக்கு முதலில் சொல்லிக்கொடுப்பது?

பெரியவளுக்கு. சின்னவனுக்குப் பெரியவள் சொல்லிக்கொடுப்பாள்.

இது சோம்பேறித்தனம் இல்லை, நம் ஊர்த் திண்ணைப் பள்ளிக்கூடத்து வழி. அங்கே முன்னே போன பிள்ளை சட்டாம்பிள்ளையாக இருந்து பின்னே வருகிற பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கும். பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவார்கள். சென்னை எழும்பூரில் ஆதரவற்ற சிறுவர்களுக்கான விடுதியை நடத்திய ஆண்ட்ரூ பெல் என்கிற பாதிரியார் இதைப் பார்த்துத் தம் பிள்ளைகளிடம் செய்துபார்த்தார். 1797-இல் லண்டனில் அதைப் பற்றி எழுதி வெளியிட்டார். இங்கிலாந்துப் பள்ளிகளில் "மெட்ராஸ் முறை" என்ற பெயரோடு அது பரவியது. நம்மிடமிருந்து போனதை நாம் டியூஷன் கட்டணம் கட்டித் தேடிக்கொண்டிருக்கிறோம்.

ஒரு எச்சரிக்கை: பெரியவளுக்குக் கம்பைக் கொடுத்துவிடாதீர்கள். சட்டாம்பிள்ளைகளுக்கு அந்தக் கெட்ட பெயரும் உண்டு.

கைப்பேசியில் பாடம் பார்க்கலாமா?

கூட நீங்கள் உட்கார்ந்தால் பார்க்கலாம். தமிழ்நாட்டுப் பாடப்புத்தகங்களில் பாடத்துக்குப் பாடம் கியூஆர் குறியீடு இருக்கிறது, அதில் காணொளி வரும். கல்வித் தொலைக்காட்சி 2019 ஆகஸ்டில் தொடங்கியது, அதன் பாடங்கள் யூடியூபிலும் கிடைக்கின்றன. பாடப்புத்தகங்களையும் செலவில்லாமல் பதிவிறக்கிக்கொள்ளலாம். ஐந்து நிமிடம் பாருங்கள், நிறுத்துங்கள், "இப்போது என்ன சொன்னார்கள்?" என்று கேளுங்கள். சொல்ல வரவில்லை என்றால் பின்னே போங்கள். கைப்பேசியைப் பிள்ளை கையில் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போனால் திரும்பி வரும்போது திரையில் கார் பந்தயம் ஓடும். அது பிள்ளையின் குற்றம் இல்லை.

பள்ளிக்கு அனுப்பாவிட்டால் போலீஸ் வருமா?

வராது. ஆனால் சட்டம் ஒன்று இருக்கிறது, அதைத் தெரிந்துகொள்ளுங்கள். 2009-இல் இயற்றி, 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கானது. பிள்ளையை அருகிலுள்ள பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்று அது சொல்கிறது. சேர்க்காத பெற்றோருக்குத் தண்டனை எதையும் அதில் சொல்லவில்லை. வீட்டுக் கல்விக்கு என்று தனி அனுமதிச் சீட்டு வழங்கும் அலுவலகமும் நம்மிடம் கிடையாது.

நடைமுறையில் என்ன நடக்கும் என்றால், பிள்ளையின் பெயர் இடைநின்றவர்கள் பட்டியலில் ஏறும், கல்வித் துறையின் வட்டார வளமையத்திலிருந்து ஆசிரியர் யாராவது வந்து விசாரிப்பார். அவரைப் பார்த்துக் கதவைச் சாத்தாதீர்கள். பிள்ளையைக் கூப்பிட்டுப் பேசவிடுங்கள், நோட்டைக் காட்டுங்கள். உடல்நலம்தான் காரணம் என்றால் பெயரை எடுக்கவே வேண்டாம். மருத்துவச் சான்றோடு தலைமையாசிரியரைப் பாருங்கள். நாங்கள் அப்படித்தான் செய்தோம்.

மாற்றுத்திறன் பிள்ளைக்கு?

அங்கே சட்டமே துணை நிற்கிறது. 2012-இல் கல்வி உரிமைச் சட்டத்தைத் திருத்தியபோது, பல்வகைக் குறைபாடோ கடுமையான குறைபாடோ உள்ள பிள்ளை வீட்டிலிருந்தே கல்வி பெறுவதைத் தேர்ந்தெடுக்கலாம் என்று சேர்த்தார்கள். வட்டார வளமையத்தில் கேட்டால் சிறப்பாசிரியர் வீட்டுக்கே வருவதற்கு ஏற்பாடு உண்டு. ஆனால் காது கேளாத பிள்ளைக்கும் பார்வையில்லாத பிள்ளைக்கும் பாளையங்கோட்டையிலேயே நெடுங்காலமாகத் தனிப் பள்ளிகள் நடக்கின்றன. வீட்டில் வைத்துக்கொள்வதென்று முடிவெடுப்பதற்கு முன்னால் ஒரு முறையாவது போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.

பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுத முடியுமா?

முடியும், இரண்டு வழி இருக்கிறது.

முதல் வழி, பள்ளியில் படிக்காமல் நேராக எழுதுகிற மாநில அரசின் தனித்தேர்வு. எட்டாம் வகுப்புக்கே தனித்தேர்வர் தேர்வு உண்டு. பன்னிரண்டரை வயது நிறைந்திருக்க வேண்டும். பத்தாம் வகுப்புக்குப் பதினான்கரை. மாவட்டத்தில் இருக்கும் அரசுத் தேர்வுத் துறைச் சேவை மையத்தில் விண்ணப்பிக்க வேண்டும். பலர் கோட்டை விடுவது அறிவியல் செய்முறையில்தான். அறிவியலில் எழுத்துத் தேர்வுக்கு 75, செய்முறைக்கு 25 மதிப்பெண். தனித்தேர்வர் செய்முறைப் பயிற்சிக்கு முன்கூட்டியே பெயர் பதிந்து, பயிற்சிக்கும் போயிருக்க வேண்டும். பரீட்சைக்கு இரண்டு மாதம் இருக்கும்போது ஓடிவந்தால் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. போன ஆண்டு என் வீட்டு வாசலில் ஒரு அப்பா அழுதார்.

இரண்டாவது வழி என்.ஐ.ஓ.எஸ். எனப்படும் தேசிய திறந்தநிலைப் பள்ளி. 1989-இல் மத்திய அரசு தொடங்கியது. பத்தாம் வகுப்புக்கு 14 வயது ஆனால் போதும். ஐந்து பாடம் தேர்ந்தெடுக்கலாம், தமிழ் வழியிலும் எழுதலாம். ஆண்டுக்கு இரண்டு முறை பொதுத்தேர்வு நடக்கிறது. பதிவு ஐந்து ஆண்டு செல்லும் என்பதால் எல்லாப் பாடத்தையும் ஒரே மூச்சில் எழுத வேண்டாம். இந்தத் தடவை இரண்டு, அடுத்த தடவை மூன்று என்று முடித்துக்கொள்ளலாம். படுத்துப் படுத்து எழுந்திருக்கும் பிள்ளைக்கு இது பெரிய ஆறுதல். பிறகு எந்தப் படிப்பில் சேர நினைக்கிறீர்களோ, அங்கே இந்தச் சான்றிதழை எப்படி எடுத்துக்கொள்கிறார்கள் என்பதை முதலிலேயே நேரில் கேட்டுவிடுங்கள்.

அரசுப் பள்ளியில் படிக்கிற பெண். நிறுத்திவிட்டு வீட்டில் படிக்கவைக்கலாம் என்று நினைக்கிறோம்.

உட்காருங்கள், நிதானமாகப் பேசுவோம்.

6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைக்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு இடஒதுக்கீட்டை 2020-இல் கொண்டுவந்தார்கள். அடுத்த ஆண்டு பொறியியல் போன்ற தொழிற்படிப்புகளுக்கும் அது வந்தது. அதே 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கியது. நடுவில் பெயரை எடுத்தால் இந்தத் தொடர்ச்சி அறுந்துபோகும். ஏழாம் வகுப்பில் ஒரு டீச்சரோடு வந்த மனத்தாங்கலுக்காகப் பன்னிரண்டாம் வகுப்புக்குப் பிறகு கிடைக்கவேண்டியதை விடுவதா? டீச்சரை மாற்ற முடியாது. பிரிவை மாற்றலாம், பக்கத்து ஊர் அரசுப் பள்ளிக்கு மாறலாம். அதையெல்லாம் முயன்று பார்த்துவிட்டு வாருங்கள்.

பெண்ணை நிறுத்துவதற்கு "வீட்டுக் கல்வி" என்று நல்ல பெயர் சூட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். ஒரே கேள்வியில் தெரிந்துவிடும். தம்பியையும் நிறுத்துகிறீர்களா என்று கேட்பேன். பதில் வராது.

மும்பையிலிருந்து ஊருக்கே வந்துவிட்டோம். பையனுக்குத் தமிழ் எழுதத் தெரியாது. எந்தப் பள்ளியிலும் கீழ் வகுப்பில்தான் போடுவேன் என்கிறார்கள்.

தாராவியிலிருந்து திரும்புகிற நம் பக்கத்துக் குடும்பங்களில் பாதிப்பேருக்கு இந்தத் தொல்லைதான். வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்க வேண்டும், மாற்றுச் சான்றிதழ் வரவில்லை என்று சேர்க்கையைத் தள்ளிப்போடக் கூடாது, எட்டாம் வகுப்பு வரை நுழைவுத் தேர்வு வைக்கக் கூடாது என்பதெல்லாம் மேலே சொன்ன அதே கல்வி உரிமைச் சட்டத்தில் இருக்கிறது. பணிவாக எடுத்துச் சொல்லுங்கள், கேட்பார்கள்.

அதோடு மூன்று மாதம் வீட்டில் தமிழ் வேலை. பேசத் தெரியும் என்பதால் பாதிக் கிணறு தாண்டியாகிவிட்டது. 247 எழுத்தையும் வரிசையாக உருப்போட வைக்காதீர்கள். அவன் பெயர், அம்மா பெயர், ஊர்ப் பெயர், பேருந்துப் பலகை என்று தேவைப்படும் எழுத்திலிருந்து தொடங்குங்கள். தினமும் அவன் சொல்வதை நீங்கள் இரண்டு வரி எழுதுங்கள், அதை அவன் திரும்பப் படிக்கட்டும். தான் சொன்னதுதான் என்பதால் எழுத்துத் தட்டினாலும் ஊகித்துப் படித்துவிடுவான். ஒரு பையன் முதல் நாள் சொன்ன வரி: "இங்கே கடல் எங்கே இருக்கிறது?" அதை இப்போதும் வைத்திருக்கிறேன்.

நாலு பிள்ளைகளோடு பழகாமல் வளர்ந்தால்?

நியாயமான கவலை. மற்ற எல்லாக் கேள்விகளையும்விட இதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். மாலையில் தெருவில் பிள்ளைகள் விளையாடும் நேரத்துக்குப் புத்தகத்தை மூடிவிட வேண்டும், அப்போது பாடம் கூடாது. என் பேரனால் விளையாட முடியாது. வாசல் திண்ணையில் நாற்காலி போட்டு உட்காரவைத்தோம். முதல் வாரம் வேடிக்கை பார்த்தான். இரண்டாம் வாரம் ரன் எண்ணும் வேலையைக் கொடுத்தார்கள். ஒரு மாதத்தில் அவன்தான் நடுவர்; அவன் தீர்ப்பை எதிர்த்து யாரும் பேச முடியாது.

வெளியே கூட்டிப்போகவும் இடம் இல்லாமல் இல்லை. திருநெல்வேலி கொக்கிரகுளத்தில் மாவட்ட அறிவியல் மையம் 1987 முதல் இருக்கிறது. கருவிகளைத் தொட்டு, சுழற்றிப் பார்க்கலாம். நாங்குநேரி பக்கம் கூந்தன்குளத்தில் குளிர்காலத்தில் பட்டைத்தலை வாத்து இமயமலையைத் தாண்டி வந்து இறங்குகிறது. ஊர்க்காரர்கள் அந்தப் பறவைகளை வீட்டுப் பிள்ளைபோலப் பார்த்துக்கொள்கிறார்கள். காருகுறிச்சியில் சக்கரத்தில் பானை எழும்புவதையும் பத்தமடையில் கோரை நெய்வதையும் பார்க்கலாம். போய்வந்ததும் கட்டுரை எழுதச் சொல்லாதீர்கள். அடுத்த தடவை வரமாட்டான்.

சொந்தக்காரர்கள் கேட்கும்போது என்ன சொல்வது?

"சாப்பிட்டுவிட்டுப் போங்கள்" என்று சொல்லுங்கள்.

மறுபடி பள்ளிக்குப் போகும்போது ஈடுகொடுப்பானா?

பாடத்தில் கொடுப்பான். மணி அடித்தால் நிறுத்துவது, கை தூக்கிக் காத்திருப்பது, தெரிந்த பதிலை அடுத்தவன் சொல்லும்வரை வாய் மூடியிருப்பது இவற்றுக்குத்தான் கொஞ்ச நாள் ஆகும். என் பேரன் ஐந்தாம் வகுப்பில் போய்ச் சேர்ந்தான். முதல் வாரத்திலேயே புகார் வந்தது: டீச்சர் பாடம் முடித்ததும் "இப்போது நான் உங்களுக்குச் சொல்லட்டுமா?" என்று எழுந்து நிற்கிறானாம். அந்த டீச்சர் நல்லவர். வாரத்தில் ஒரு நாள் சொல்லவிட்டார். எல்லாரும் அப்படி இருக்க மாட்டார்கள் என்று சேர்ப்பதற்கு முன்பே பிள்ளையிடம் சொல்லிவையுங்கள்.

உங்களிடம் டியூஷனுக்கு அனுப்பலாமா?

நான் டியூஷன் எடுப்பதில்லை. சனிக்கிழமை மாலை நான்கு மணிக்குமேல் வீட்டில் இருப்பேன், வாருங்கள். பிள்ளையை மட்டும் வாசலில் இறக்கிவிட்டுப் போகக்கூடாது; அம்மாவோ அப்பாவோ ஆச்சியோ கூட உட்கார வேண்டும். நோட்டும் மதிப்பெண் அட்டையும் வேண்டாம். அந்த வாரம் படித்ததில் ஏதாவது ஒன்றைப் பிள்ளை எனக்குச் சொல்லட்டும். நடுவில் நீங்கள் எடுத்துக்கொடுத்தால் உங்களைத்தான் அடுப்படிக்குக் காபி போட அனுப்புவேன்.